பதமும் போதையும்: வாடைக்கால மதுரையில் வெண்மதுவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

வெள்ளை ஒயின் கோடைக்கு, சிவப்பு ஒயின் குளிருக்கு என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விதி. வெயில் காலத்தில் பனிக்கட்டி வாளியில் புதைத்தெடுத்த, மெலிந்த, புளிப்பான வெள்ளை; பனி கொட்டும் மாதங்களில் கனத்த சிவப்பு. இந்த விதிக்குள்ளேயே அதை மீறும் ஒரு மரபும் உண்டு. எல்லா வெள்ளையும் மெலிந்தது அல்ல. வெளிர்நிறத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டு நொதிக்கவைத்தால் அதற்கு ஒரு துவர்ப்பும் பிடிமானமும் வந்துவிடுகின்றன. நொதித்து முடிந்தபின் அடியில் தங்கும் மண்டியோடு மாதக்கணக்கில் கிடக்கவிட்டால் செத்துப்போன ஈஸ்ட் மெல்லச் சிதைந்து தன் உடலையே மதுவுக்குள் கரைக்கிறது. நாக்கில் வழவழப்பும் கனமும் கூடுகின்றன. காய்ப் புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் தயிர்ப் புளிப்புத் தரும் லாக்டிக் அமிலமாக மாற்றும்போது கூர்மை மழுங்கிவிடுகிறது. பிரான்சின் பர்கண்டியில் இது பீப்பாய்க்குள் நடக்கிறது. ஜார்ஜியாவில் 'க்வெவ்ரி' என்னும் பெரிய மண்சாடியைக் கழுத்துவரை தரையில் புதைத்து, அதற்குள் தோலும் விதையுமாக நொதிக்கவிடுகிறார்கள். இம்முறையை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. இவ்வகை வெள்ளைகளைக் குளிர்மாதங்களில், அதிகம் குளிரூட்டாமல் குடிக்கிறார்கள். ரொம்பக் குளிர்ந்துவிட்டால் வாசனை அடங்கிப்போகும், கனமும் தெரியாது.

இதற்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். திராட்சை ஒயினை நாமும் ரசித்துப் பழகவேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேற்சொன்ன பேச்சின் மையத்தில் இருப்பது மதுவின் வீரியம் அல்ல, மதுவின் பதம். பாகுக்குப் பதம் உண்டு, இட்லி மாவுக்குப் பதம் உண்டு, பதநீர் என்ற சொல்லின் தலையிலேயே பதம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இன்றைய தமிழில் மது என்று எடுத்தால் மிஞ்சுவது 'போதை' என்ற ஒரே சொல்தான். ஏறுமா ஏறாதா, அவ்வளவுதான் கேள்வி. குடியைப் பதத்தால் அறிந்துவைத்திருந்த ஒரு மொழி அதைப் போதையால் மட்டுமே அளக்கும் மொழியாக எப்படிச் சுருங்கிற்று? இந்தக் கேள்வியைக் குளிர்காலத்தை முன்வைத்துக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரோலன் பார்த் 1957-இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் ஒயினைப் பிரெஞ்சு தேசத்தின் குலக்குறியாக வாசிக்கிறார். குளிரில் சூடு தருவது, கோடையில் நிழலும் குளிர்ச்சியும் தருவது என்று எதிரெதிர்க் குணங்களை ஒரே பொருளின்மேல் ஏற்றிவைக்கும் தொன்மம் அது. கட்டுரையின் முடிவில் அவர் அல்ஜீரியாவுக்குப் போகிறார். ரொட்டிக்கு வழியில்லாத முஸ்லிம்களின் நிலத்தில், அவர்கள் தொடவே தொடாத ஒரு பானத்துக்காகக் குடியேற்றக்காரர்கள் கொடி வளர்த்த கதையை நினைவூட்டுகிறார். சுவை என்பது நாக்கில் முடிகிற விஷயம் இல்லை. நிலம், வரி, சட்டம் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. நம்முடைய வெண்மதுவின் வரலாற்றையும் இப்படித்தான் வாசிக்கவேண்டியிருக்கிறது.

2

மதுரையில் குளிர்காலம் ஏது என்று சிரிக்கிறவர்கள் உண்டு. மார்கழி விடியலிலும் இங்கே வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் குளிர் என்பது பாகையால் மட்டும் அளக்கப்படுவதல்ல. தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பிரிக்கிறது. உரையாசிரியர்கள் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் கணக்கிடுகிறார்கள். வருஷத்தில் பாதி. வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் வாடையும் சேர்ந்து வரும் கூதிர்தான் இவற்றில் உடம்பை நடுக்குவது.

அந்தக் கூதிரைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த தமிழ்ப் பிரதி பாண்டியன் நெடுஞ்செழியன்மேல் நக்கீரர் பாடியதாகச் சொல்லப்படும் நெடுநல்வாடை. அதைப் பொதுவாக அரண்மனைப் பாட்டாக, பிரிவில் வாடும் அரசியின் பாட்டாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எம்.ஏ. வகுப்பில் அரசியின் கட்டிலுக்கு ஒதுக்கப்படும் நேரம் அந்தப் பாட்டின் தெருவுக்கு ஒதுக்கப்படுவதில்லை. தெருவில் என்ன நடக்கிறது? ஊர் முழுக்கக் கதவடைத்துக் கிடக்கிறது. குறுகிய வாயுள்ள குவளையில் தண்ணீர் குடிக்க ஆளில்லை. எல்லோரும் அகன்ற வாய்த் தடவுகளில் தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள். கோடைக்குப் பூசிய சந்தனத்தை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு குளிருக்கு நடுவில், ஆறு போலக் கிடக்கும் அகலத் தெருவில், முறுக்கேறிய உடம்புள்ள உழைப்பாளிகள் சிலர் வண்டு மொய்க்கும் தேறலைக் குடித்துவிட்டுச் சாரலைப் பொருட்படுத்தாமல், பொழுது சாய்ந்தபிறகும் மனம் போன பக்கம் திரிகிறார்கள்.

இந்தக் காட்சியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிரதி இவர்களை 'மக்கள்' என்று சொல்வதில்லை, 'மாக்கள்' என்கிறது. தொல்காப்பிய மரபியலின்படி மாக்கள் ஐயறிவினர், விலங்கோடு சேர்த்து எண்ணப்படுபவர்கள். எல்லாச் சங்கப் பாட்டிலும் இச்சொல் இழிவாகத்தான் வருகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அரண்மனைக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் தெருவில் திரிபவர்களுக்கும் இடையே பிரதி ஒரு கோடு கிழிக்கிறது என்பதை மறுக்கவும் முடியாது. இரண்டு, அவர்கள் குடித்த தேறலின் அடையாளமாகப் பிரதி சொல்வது அதன் வீரியத்தை அல்ல, மொய்க்கும் வண்டை. வண்டு வருகிறது என்றால் சர்க்கரை இன்னும் முழுதாகச் சாராயமாக மாறவில்லை, வாசனை தூக்கலாக இருக்கிறது என்று பொருள். ஒரே ஓர் அடைமொழியில் ஒரு மதுவின் பதம் பிடிபட்டுவிடுகிறது.

அரண்மனைக்குள் வேறொரு பொருள் இருக்கிறது. யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகல் ஏந்தி நிற்கிறது. வெளியே உள்ளூர்த் தேறல், உள்ளே அயலூர் விளக்கு. இந்த யவனப் பாவையைப் பிற்பாடு மீண்டும் சந்திப்போம்.

3

பழைய தமிழில் மதுவுக்கு எத்தனை பெயர்கள் என்று எண்ணி வியப்பது நம் புலவர்களுக்குப் பிடித்தமான வேலை. எண்ணிக்கை முக்கியமல்ல. அந்தப் பெயர்களில் பல எதை வைத்து உருவாகியிருக்கின்றன என்பதே முக்கியம். தேறியது, அதாவது கலங்கல் அடங்கித் தெளிந்தது தேறல். அரித்தது, அதாவது வடிகட்டியது அரியல். பிழிந்தது பிழி. நெல்லரிசியிலிருந்து வீட்டிலேயே ஆக்கியது தோப்பி. செய்முறையும் பதமும்தான் பெயராகியிருக்கின்றன. இன்றைய பிரெஞ்சுக்காரன் மண்டிமேல் கிடந்தது, தோலோடு ஊறியது என்று தன் குப்பியின்மேல் எழுதி ஒட்டுவதற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை.

தெளிந்தது மேலோருக்கு, கலங்கியது கீழோருக்கு என்று இதை ஒரு வர்க்கச் சூத்திரமாக எளிதில் மாற்றிவிடலாம். ஆனால் பிரதிகள் அதற்கு இடம் தருவதில்லை. நெடுநல்வாடையின் தெருவில் திரிகிறவர்கள் குடித்ததும் தேறல்தான். மதுரைக்காஞ்சியின் முடிவில் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் ஊற்றித் தரப்படுவதும் தேறல்தான். அதே மதுரைக்காஞ்சியில் நகரத்துக் கள்ளுக்கடைகளின் கொடியும் மற்றக் கொடிகளோடு சேர்ந்து பறக்கிறது. வேறுபாடு பாத்திரத்தில் இருக்கிறது, பதத்தில் இல்லை. பெண்கள் குடிப்பதும் அன்று ஒளிவுமறைவான செயல் அல்ல. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில் (235) முதல் நினைவாக வருவதே, கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அவன் அதைத் தனக்குத் தந்துவிடுவான் என்பதுதான்.

செய்முறைக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டு வலைஞர் வீட்டில் நடப்பதைச் சொல்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். அகன்ற தட்டில் கொட்டி ஆறவிடுகிறார்கள். அதோடு 'நல்லடை' என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். முளைகட்டிய தானியம் என்று பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். புற்றாஞ்சோறு போன்ற தோற்றம் என்று உவமை வேறு வருகிறது. இரண்டு பகல், இரண்டு இரவு கழிகின்றன. பிறகு வலுவான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை முதிரவிட்டு, வெந்நீர் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கிறார்கள். சுட்ட மீனோடு விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க முளையின் நொதி வேண்டும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்ன மிதமான சூடு வேண்டும், கூழ் கொதிநிலையில் இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும் என்பதால் ஆற்ற வேண்டும். இத்தனை அறிவும் அந்த ஏழெட்டு அடிகளுக்குள் கிடக்கிறது. கையால் பிழிந்த அரிசி மது கண்ணாடிபோல் இருக்க வாய்ப்பில்லை. வெள்ளையாக, மாவுப் பொடி மிதக்க, கனமாகத்தான் இருந்திருக்கும். வெள்ளை மதுவும் மீனும் என்ற இன்றைய மேசை விதி காஞ்சிக்குப் போகும் வழியிலேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது.

இது ஏன் குளிர்காலத்தோடு சேர்கிறது? பனை பாளை விட்டுச் சாறு சுரப்பது மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுவதும். மதுரைக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பரந்த பொட்டல் பனங்காடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஏறுவதே கஷ்டம், சாறும் இல்லை. தவிர, பனங்கள் சேமித்துவைக்கக்கூடிய பொருளும் அல்ல. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சாறு இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் கள், மறுநாள் காடி. அப்படியானால் வாடைக்காலக் குடி ஒன்று தென்னையிலிருந்து வரவேண்டும், அல்லது சேமிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். புறநானூறு (120) மண்ணில் புதைத்துப் பதமாக்கிய மதுவைப் பேசுகிறது. மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கில் குழாய்க்குள் முதிர்ந்த தேன்மதுவைப் பேசுகின்றன. நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதற்கும், பாம்பின் சீற்றத்துக்கும் ஒப்பிடும் பாட்டுகள் உண்டு. கோடைக்கு உடன் குடிக்கும் கள், குளிருக்குப் புதைத்துவைத்த தேறலும் அரிசித் தோப்பியும் என்று ஒரு பருவ ஒழுங்கு இருந்திருக்கலாம் என்பது என் வாசிப்பு. மண்ணில் புதைத்த சாடி ஜார்ஜியாவுக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்பதையாவது இந்தப் பாட்டுகள் உறுதியாகச் சொல்கின்றன.

கள்ளின் வெண்மைக்கும் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். மரத்திலிருந்து சொட்டும்போது சாறு கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கிறது. ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகி மிதக்கத் தொடங்கியதும் பால்நிறம் வருகிறது. கள்ளில் வாழும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றுகிறது. கள்ளின் லேசான கொழகொழப்பு அதனால்தான். ஐரோப்பிய ஒயின்காரர் மாதக்கணக்கில் மண்டியைக் கிளறிக்கிளறிப் பெறும் கனத்தைப் பனை ஒரே காலைப்பொழுதில் கொடுத்துவிடுகிறது. சாராயச் சத்தும் நூற்றுக்கு நாலு, ஐந்து பங்குதான். கள் உயிருள்ள பானம். அதை அப்படியே பிடித்துவைக்க முடியாது என்பதே பின்னால் அதன்மேல் பாய்ந்த சட்டங்களுக்கும் ஒரு காரணமாயிற்று.

4

இப்போது யவனர். இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை நோக்கி, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித்தர நாளும் மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறது புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். நெடுநல்வாடையின் நக்கீரரும் இவரே என்பது மரபு. ஒரே பெயரில் இரண்டு மது: தெருவில் வண்டு மொய்க்கும் உள்ளூர்த் தேறல், அரண்மனையில் கப்பலேறி வந்த தேறல். பாட்டில் வரும் 'கலம்' என்ற சொல் சாடியா மரக்கலமா என்பதும் இருபொருளாகவே நிற்கிறது. எப்படிக் கொண்டாலும் கடல் உள்ளே வந்துவிடுகிறது.

இந்த ஒரு பாட்டு நவீனத் தமிழ்ச் சொல்லாடலில் பெற்ற இடம் அசாதாரணமானது. பண்டைத் தமிழரின் கடல் வாணிகம், உரோமத் தொடர்பு, உலகப் பெருமை எல்லாவற்றுக்கும் சான்றாக அது முன்னிறுத்தப்பட்டது. பொற்கிண்ணம் பாடநூலுக்குள் போயிற்று. வலைஞர் வீட்டுத் தட்டில் ஆறிய கூழ் போகவில்லை. மது அயலானதாக, விலையுயர்ந்ததாக, அரசனுடையதாக இருந்தால் அது நாகரிகம். சொந்தமானதாக, மலிவானதாக, உழைப்பவனுடையதாக இருந்தால் அது ஒழுக்கக்கேடு. இந்தப் பிளவைச் சங்கப் பிரதிகளின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பட்டினப்பாலையில் புகார்ப் பெண்கள் இரவில் மட்டை விலக்கி மதுவை அருந்துகிறார்கள் என்று வரும் இடத்தில் தரவரிசை ஒன்று எட்டிப்பார்க்கிறது, உண்மைதான். என்றாலும் அதை இவ்வளவு பெரிசாக வளர்த்தெடுத்தது நம் காலம்.

சரி, அந்த யவன மது எப்படிப்பட்டது? 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இருபுறக் கைப்பிடிச் சாடிகளின் சில்லுகள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அங்கே மறுபடி அகழாய்வு செய்தார்கள். அச்சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் அவற்றில் பெரும்பங்கு கிரேக்கத் தீவான கோஸின் சாடிகள் அல்லது அவற்றைப் பார்த்து வேறிடங்களில் செய்தவை என்று காட்டினார். வைகை கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களின் நடுவிலிருந்து நடத்திய அகழாய்வுகளிலும் இத்தகைய சாடிச் சில்லுகளும் உரோமக் காசுகளும் வெளிப்பட்டன. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வுகளுக்குப்பின், அழகன்குளத்திலிருந்து மதுரைவரை வைகைக் கரையோரமாகச் சரக்கு ஏறிவந்த வழியைக் கற்பனை செய்வது இன்னும் எளிதாகியிருக்கிறது. இந்தியத் தளங்களில் மத்தியதரைக்கடல் சாடி என்று எண்ணப்பட்டவற்றில் ஒரு பகுதி மெசபொத்தேமியாவிலிருந்து வந்த வேறு வகைச் சாடி என்று ரொபெர்த்தா டோம்பர் பின்னர் எடுத்துக்காட்டினார். ஆகவே 'உரோம மது' என்ற ஒற்றைப் பெயரே கொஞ்சம் ஆட்டங்காணுகிறது. வந்த அளவும் குறைவுதான். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் வழிநூல்' முசிறி, நெல்கிண்டா துறைமுகங்களுக்கு வரும் பொருள்களில் ஒயினையும் சேர்த்து, அதிகமில்லை என்று குறித்துவைக்கிறது. இவற்றில் நெல்கிண்டா பாண்டியனுக்கு உரியது என்றும் சொல்கிறது.

கோஸ் தீவின் மது எப்படி இருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள முடியும். அதில் கடல்நீர் கலப்பார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கேட்டோ தம் வேளாண் நூலில் அதற்குச் செய்முறையே தருகிறார். அறுவடைக்கு 70 நாள் முன்னால், காற்றில்லாத அமைதியான நாளில், ஆழ்கடலிலிருந்து நீர் மொண்டுவந்து தெளியவைக்க வேண்டுமாம். பிளினி இன்னும் சுவையான கதை ஒன்று சொல்கிறார். திராட்சைச் சாற்றைத் திருடிக் குடித்த அடிமை ஒருவன் அளவு குறையாமல் இருக்கக் கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம், அதிலிருந்து பிறந்த வழக்கமாம். அந்தக் கடல்நீரை வெள்ளைச் சாற்றில் கலந்தபோது 'லியூகோகூம்', வெண்கோஸ் என்று பெயர் வந்தது. சாடியின் உட்புறம் ஒழுகாமல் இருக்கப் பிசினும் கீலும் பூசியிருக்கும். ஆக, உப்பும் கீலும் சேர்ந்த ஒரு வெள்ளை மது, மாதக்கணக்கில் கப்பலில் குலுங்கிவந்து பொற்கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. நன்மாறன் குடித்தது இதுவேதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாம் இவ்வளவு பெருமையோடு தூக்கிப்பிடித்த உயர்ந்த மதுவின் மூலக்கதை ஓர் அடிமையின் திருட்டு என்பது, உயர்வு தாழ்வு பற்றிய நம் கணக்கைக் கொஞ்சம் குலைத்துப் போடுகிறது. தெருவின் மாக்களும் கோஸின் அடிமையும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். பொற்கிண்ணம் அந்தப் பக்கம்.

5

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியது 1889-இல். பெரும்பாணாற்றுப்படையின் அரிசி மதுச் செய்முறை அன்றுதான் அச்சுக்கு வந்தது. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1886-இல், மதராஸ் ஆப்காரிச் சட்டம் நிறைவேறியிருந்தது. உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது, கள் இறக்குவது, விற்பது எல்லாம் அதன்படி குற்றம். ஒரு கை தோப்பியின் செய்முறையை இலக்கியமாக மீட்டெடுக்கிறது. இன்னொரு கை அதே செய்முறையைக் குற்றமாக எழுதுகிறது. இது தற்செயல்தான். ஆனால் பொருள் நிறைந்த தற்செயல். அன்றிலிருந்து தோப்பி ஏட்டிலே மட்டும் வாழ்கிற பொருளாயிற்று.

ஆப்காரியின் தர்க்கத்தைப் புரிந்துகொள்வது அவசியம். அரசுக்கு வேண்டியது வரி. வரிக்கு வேண்டியது எண்ணக்கூடிய பொருள். மரத்தை எண்ணலாம், கடையை ஏலம் விடலாம், வடிசாலையின் வாயிலில் காவல் போடலாம். ஆயிரம் குடிசைகளின் ஆயிரம் சாடிகளுக்குள் இரண்டு நாளில் விளைந்து மூன்றாம் நாள் புளித்துப்போகும் பொருளை எப்படி எண்ணுவது? அதிகாரத்துக்கு வசதியானது காய்ச்சி வடித்த சாராயம். அது கெடாது, அளவுகோலுக்கு அடங்கும், வீரியத்தை டிகிரியில் சொல்லலாம். காய்ச்சி வடித்தல் என்பது பதத்தை அழித்துப் போதையை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை. மண்டி, பிசின், புளிப்பு, மாவு எல்லாம் கொப்பரையின் அடியில் தங்கிவிடுகின்றன. மேலே ஏறுவது சாராயச் சத்தும் கொஞ்சம் வாசனையும். ஃபூக்கோ உடலின்மேல் அதிகாரம் செயல்படும் விதம்பற்றிச் சொன்னதை நாக்குக்கும் நீட்டலாம் என்று தோன்றுகிறது. நாக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட உறுப்புதான்.

விடுதலைக்குப் பிந்திய வரலாறு இதை மாற்றவில்லை, முடித்துவைத்தது. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் அது தள்ளிவைக்கப்பட்டது, 1973, 74-இல் கடைகள் மறுபடி மூடப்பட்டன, 1981-இல் மறுபடி திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் சேர்த்துத் தடை. ஆனால் 'அயல்நாட்டு மதுவகை' என்று பெயர் சூட்டிக்கொண்ட உள்ளூர்ப் பொருளுக்குத் தடை இல்லை. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. கள்மீதான தடை இன்றுவரை நீடிக்கிறது. பெயரைக் கவனியுங்கள். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றிய பிராந்தி 'அயல்நாடு' என்ற அடைமொழியால் கௌரவம் பெறுகிறது. புறம் 56-இன் பொற்கிண்ணம் இங்கே குப்பியாகத் திரும்பி வந்திருக்கிறது. யவனப் பாவை இன்னும் விளக்கேந்தி நிற்கிறது, வெளிச்சம் மட்டும் கடைவாசலில் விழுகிறது.

மதுவிலக்கை ஆதரித்தவர்களின் நியாயத்தை நான் கொச்சைப்படுத்தவில்லை. குடித்து அழிந்த குடும்பங்கள் கற்பனை அல்ல. அதைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கள்ளுக்கடைகளில் மயக்க மருந்து கலந்ததும் நடந்ததுதான். கள்ளுண்ணாமைக்குக் குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் தடையின் கத்தி எங்கே விழுந்தது என்று பார்க்கவேண்டும். நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கு உள்ளதை வெட்டிவிட்டு நாற்பதுக்கு மேல் உள்ளதை அரசே விற்றது. பனையேறியின் கையில் இருந்ததைப் பறித்து ஆலைக்காரனின் கையில் கொடுத்தது. கள் கெட்டால் மூக்குக்கும் நாக்குக்கும் உடனே தெரியும். சாராயத்தில் இருப்பது எத்தனாலா மெத்தனாலா என்று நாக்குக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பதம் பார்க்கத் தெரிந்த நாக்குகள் அல்ல அவர்களுடையவை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதமே இல்லாத ஒன்றைத்தான் அவர்களுக்கு ஊற்றினார்கள்.

6

எல்லாம் அழிந்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பது என் நோக்கமல்ல. அழுத்தப்பட்டவை வேறு வடிவங்களில் தலை நீட்டுகின்றன. சென்னையின் உழைக்கும் மக்கள் பகுதிகளில் சோற்றை நாள்கணக்கில் புளிக்கவைத்துச் செய்யும் சுண்டக்கஞ்சி தோப்பியின் தூரத்து உறவு. சட்டத்துக்கு அது குற்றம், நாவுக்கு அது ஞாபகம். போதையில்லாத பக்கத்தில் நீராகாரம் இருக்கிறது: இரவெல்லாம் ஊறிய சோற்றின் லேசான புளிப்பும் கஞ்சிக் கனமும். அகநானூற்றில் (35) மறவர் நடுகல்லுக்குத் தோப்பிக்கள் படைக்கிறார்கள். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் இன்றும் மது படைக்கிறார்கள். மூடி திருகாத டாஸ்மாக் குப்பி சாமிக்கு முன்னால் நிற்கிறது. சாமியும் பதத்தை விட்டுப் போதைக்கு மாறிக்கொள்ள வேண்டியதாயிற்று.

திராட்சைக்கும் இங்கே ஒரு கதை உண்டு. 1990-களின் நடுப்பகுதிவரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்து, இன்று தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். குளிரில் உறங்காத கொடி அது. வருஷம் முழுவதும் காய்க்கிறது. கார்த்திகை பிறந்ததும் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றில் அந்தத் திராட்சையைச் சர்க்கரையோடு பிசைந்து ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, இருட்டு மூலையில் வைக்கிறார்கள். தினமும் மரக்கரண்டியால் கிளறுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வடிகட்டுகிறார்கள். நிறம் சிவப்புதான். ஆனால் சாடி, தோல், மண்டி, கிளறுதல், அரித்தல், குளிர்மாதம் எல்லாமே பழையவை. அந்த வீட்டுப் பெண்கள் அதை ருசிபார்த்துச் சொல்லும் சொற்களைக் கேட்டுப்பாருங்கள். துவர்க்குது, இன்னும் கெட்டியாகலை, மண்டி அடங்கலை, பதம் வரலை என்பார்கள். 'ஏறுமா' என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இழந்துவிட்டதாக நாம் நினைத்த சொல்லகராதி சமையலறையில் உயிரோடிருக்கிறது.

பன்னாட்டு விடுதிகளின் பட்டியலில் இன்று வெள்ளை ஒயின் கிடைக்கிறது. அதன் பதத்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கு ரசனையாளர்கள் என்று பெயர். கள்ளின் பதத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்குக் குடிகாரன் என்று பெயர். மண்டியோடு கிடந்த பர்கண்டி வெள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையை மண்டியோடு கிடக்கும் கள்ளுக்குக் கொடுக்காத ரசனை சுவையை அறிந்த ரசனை அல்ல, விலையை அறிந்த ரசனை. இதைச் சரிசெய்யக் கள்ளுக்கடையைத் திறந்தால் மட்டும் போதுமா என்பது தனி விவாதம். சட்டம் மாறினாலும், பழகிப்போன நாக்கு பதநீரிலும் போதையையே தேடும். இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தேறலுக்குக் 'கள்ளின் தெளிவு' என்று ஒரு வரி அருஞ்சொற்பொருள் எழுதிவிட்டு நகர்ந்துபோவதை நிறுத்தலாம். நெடுநல்வாடையைப் பாடம் சொல்லும்போது அரசியின் கட்டிலருகே கொஞ்சம் குறைவாகவும், சாரல் விழும் அந்த அகலத் தெருவில் கொஞ்சம் அதிகமாகவும் நிற்கலாம். வாடையில் நனைந்தபடி அங்கே திரிகிறவர்கள் என்ன குடித்தார்கள், அதை யார் ஆக்கினார்கள், எந்தச் சாடியில், எத்தனை நாள் என்று கேட்கலாம். மாக்கள் என்று எழுதப்பட்டவர்களை மக்கள் என்று படிப்பதற்கு அதுவும் ஒரு வழி.